அட்வான்ஸ் வாங்கியாச்சு

எங்கள் வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் இருக்கிறது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அடுக்களை, உள்ளேயே குளியலறை, வெளிப்பக்கமாகத் தனிப் படிக்கட்டு. கணவன் மனைவி, அல்லது ஒரு தாயும் மகளும் தாராளமாகக் குடியிருக்கலாம். அதை நான் வாடகைக்கு விட ஆரம்பித்து வருஷங்கள் பல ஆகிவிட்டன. வந்து கேட்டவர்களில் ஒருவரிடம்கூட "நீங்க என்ன சாதி?" என்று நான் கேட்டதில்லை. இதைப் பல இடங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூட மேடை உட்பட. சொன்னதில் பொய் இல்லை. ஆனால் வந்த ஒவ்வொருவருடைய சாதியும் அவர் படியிறங்கிப் போவதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்த பிறகுதான் வீடு உண்டா இல்லையா என்று பதில் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில், மருந்துவாழ் மலை கண்ணில் படுகிற தூரத்தில் இருக்கிறது. பெயருக்குக் கிராமம். வயலும் குளமும் தென்னந்தோப்பும் உண்டு. ஆனால் இந்த மாவட்டத்தில் ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்குள் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் வாழ்கிறோம். வாடகைக்கு ஆள் வராமல் இருந்ததே இல்லை. நாகர்கோவில் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் நர்சுகள், வங்கிக்கு மாற்றலாகி வருகிறவர்கள், முப்பந்தல் காற்றாலைகளில் டெக்னீஷியன்கள், கூடங்குளத்தில் ஒப்பந்த வேலை செய்பவர்கள், மகேந்திரகிரிக்குப் போய்வருகிறவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுப் பெரிய வீட்டைப் பூட்டிப் போட்டு டாக்டருக்குப் பக்கத்தில் வந்து இருக்க விரும்பும் வயசாளிகள். நகரத்தில் கேட்கிற வாடகை இவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பஸ் நிற்கிற கிராமத்தில் ஒரு படுக்கையறை வீடு கிடைத்தால் போதும்.

இவர்களை நான் எப்படி வடிகட்டினேன் என்று சொல்கிறேன். படிப்புரையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். தண்ணீர் கொடுக்கச் சொல்வேன். "சொந்த ஊரு எது?" என்பது முதல் கேள்வி. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரனுக்கு ஊர்ப்பெயர் போதும், பாதி தெரிந்துவிடும். மணக்குடி, பள்ளம், கோவளம் என்றால் கடற்கரை. சில ஊர்களில் எந்தப் பக்கம் என்று கேட்டால் மீதியும் வந்துவிடும்: கோயிலுக்கு மேற்கேயா, ஆற்றுக்கு அந்தப்புறமா, குளத்தங்கரையா. அடுத்தது, "எந்தக் கோயிலுக்குப் போவீங்க?" கிறிஸ்தவர் என்றால் எந்தச் சபை. இந்து என்றால் குடும்பக் கோயில் எது, சாஸ்தா எது. அப்பா பெயர், அப்பா செய்த வேலை. அதற்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால், "அங்க இன்னாருடைய வீடு தெரியுமா?" என்று எனக்குத் தெரிந்த ஒருவருடைய பெயரைச் சொல்வேன். அவர் நமக்குச் சொந்தம் என்பார்கள், அல்லது தெரியும் என்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் போதும். இவ்வளவையும் சிரித்த முகத்தோடு, ஊர்க்கதை பேசுகிற தொனியில் கேட்பேன். எதிரில் இருப்பவருக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது என நம்பியிருந்தேன். அவர்களுக்கு அது முதல் வாசல் அல்ல என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை. எத்தனை படிப்புரைகளில் இதே கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள்!

பதில் எனக்குப் பிடிக்காவிட்டால் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். "ஒரு ஆளு அட்வான்ஸ் தந்துட்டுப் போயிருக்காரே." இன்னொன்று, பெயின்ட் வேலை. மூன்றாவது, "தம்பி மகன் வந்து தங்கப்போறான்." எதுவும் யாரையும் புண்படுத்தாது என்று நினைத்தேன். யாரும் என்னிடம் சண்டை போடவில்லை. எல்லோரும் "சரி சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அப்பா இல்லை. வீடு கடலுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு ஆனி ஆடியிலும் அலை சுவரைத் தொட்டுவிட்டுப் போகிறது, அம்மாவுக்கு மூச்சிரைப்பு, ராத்திரி டியூட்டிக்கு அம்மாவைத் தனியே விட்டுப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். என் மனைவிக்கு அவர்களைப் பிடித்துவிட்டது. மாடிக்குக் கூட்டிப்போய் அடுக்களையில் தண்ணீர் வருகிற நேரம் உட்பட எல்லாம் சொல்லிவிட்டாள். கீழே இறங்கி வந்த பிறகுதான் நான் ஊரைக் கேட்டேன். அவள் சொன்னாள். நான், "மக்ளே, காலையிலதான் ஒரு ஆளு அட்வான்ஸ் தந்துட்டுப் போனாரு, அவளுக்குத் தெரியாது" என்றேன்.

"போர்டு கெடந்துது சார், அதான் வந்தோம்" என்றாள் அந்தப் பெண். குறையாகச் சொல்லவில்லை, காரணம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நான் எழுந்து போய், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கேட்டில் கட்டியிருந்த 'வீடு வாடகைக்கு' அட்டையை அவிழ்த்து எடுத்தேன். பொய்யை நிஜமாக்கிக் காட்ட வேண்டியிருந்தது. அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலமே அந்த அட்டையை மறுபடி கட்டினேன். கடற்கரையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகிற பஸ் என் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. அவள் தினமும் வேலைக்குப் போகிற பஸ். அட்டையைக் கட்டும்போது அது எனக்கு நினைவில்லை. கட்டி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது நினைவு வந்தது. ஆனாலும் எழுந்துபோய் அவிழ்க்கவில்லை. என் மனைவி, "அந்தப் பிள்ள மொகத்தப் பாத்தியளா?" என்று ஒரு தடவை கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்த வாரமே எங்கள் ஆளுகளில் ஒருவருக்கு வீட்டைக் கொடுத்தேன்.

நான் வாத்தியாராக வேலை பார்த்தவன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த அன்று கடற்கரையிலிருந்து ஜனங்கள் உடுத்திய துணியோடு உள்நாட்டுக்கு ஓடிவந்தார்கள். கீழ மணக்குடிக்கும் மேல மணக்குடிக்கும் நடுவில் இருந்த பாலத்தையே கடல் பிய்த்துப் போட்டிருந்தது. நாங்கள் பள்ளிக்கூடத்தைத் திறந்தோம். பெஞ்சுகளை ஓரமாக அடுக்கினோம். ஊரில் வீடு வீடாகப் போய் அரிசியும் சேலையும் கைலியும் வாங்கிவந்தோம். பெரிய வார்ப்பில் கஞ்சி வைத்தோம். அந்த நாட்களில் நான் உண்மையிலேயே தூங்கவில்லை. ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு பேரனுடைய பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. அந்த வேலையைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது யோசிக்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அது பள்ளிக்கூடம், அரசாங்கத்தின் கட்டடம். வந்தவர்கள் கையேந்தி நின்றார்கள், நான் கொடுக்கிற இடத்தில் நின்றேன். சில நாட்களில் போய்விடுவார்கள் என்றும் தெரியும். அதே கடற்கரையிலிருந்து ஒரு பெண் மாதச் சம்பளத்தோடு, வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குச் சமமாக உட்கார்ந்து வீடு கேட்டபோது கொடுக்க முடியவில்லை. அபயம் கேட்டவர்களுக்குத் திறந்த கை, வாடகை கொடுக்க வந்தவளுக்குத் திறக்கவில்லை.

கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையில் இந்த மாவட்டத்தில் பழைய கசப்பு உண்டு. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. நீதிபதி வேணுகோபால் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். குன்றக்குடி அடிகளார் வந்து அமைதிக்காகப் பாடுபட்டார். அப்போது நான் இளைஞன். அந்தக் காலத்தில் கேட்ட பேச்சுகள் எனக்குள் தங்கிவிட்டன என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்ததும் உண்டு. தப்பிக்க வழியில்லை. அந்தப் பெண் 1982-ல் பிறந்திருக்கவே மாட்டாள்.

மீன் வாடை என்று சிலர் சொல்வார்கள். நான் அந்த வார்த்தையை வாயால் சொன்னதில்லை, மனசுக்குள் நினைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் சாளையோ அயலையோ நெத்தோலியோ இல்லாமல் மத்தியானச் சாப்பாடு கிடையாது. கடற்கரையிலிருந்து ஒரு அக்கா காலையில் மீன் கொண்டுவருவார்கள். என் மனைவி அவர்களோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருப்பாள். அவர்கள் பிடித்துக் கொடுக்கிற மீன் எங்கள் அடுக்களையில் தினமும் வேகிறது. அந்த அடுக்களைக்கு மேலே இருக்கிற அடுக்களையில் அவர்கள் வீட்டுப் பெண் நின்று சமைக்கக் கூடாது என்று நான் முடிவுசெய்தேன். இதற்கு எந்த நியாயத்தை எடுத்து வைத்தாலும் அது நிற்காது.

நான் நாடார் சமுதாயத்தில் பிறந்தவன். இதைச் சொல்லாமல் இந்த வாக்குமூலத்தை முடிக்க முடியாது. ஏனென்றால் என் குற்றத்தின் கனம் அதில்தான் இருக்கிறது. லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர் 1871-ல் திருவிதாங்கூரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எங்கள் முன்னோருக்கு எதெல்லாம் தடை என்று அதில் எழுதியிருக்கிறார். குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது, பசுவைக் கறக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக் கூடாது. மாடி கூடாது! நான் யாருக்குக் கொடுப்பது என்று வடிகட்டிக்கொண்டிருந்த அந்த மாடி, என் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் இந்த மண்ணில் கட்டியிருக்கவே முடியாதது. எங்கள் பெண்கள் மார்பை மறைக்கத் துணி போடுவதற்காகப் பத்தாண்டு பத்தாண்டாக அடிபட்டார்கள். சந்தையில் துணி கிழிக்கப்பட்டது, வீடுகளும் சர்ச்சுகளும் எரிந்தன. 1829-ல் அவர்களுக்கு எதிராகவே அரசுப் பிரகடனம் வந்தது. 1859 ஜூலையில், சென்னை கவர்னர் டிரெவில்யன் நெருக்கிய பிறகு, உத்திரம் திருநாள் மகாராஜா மேலாடை போட அனுமதித்தார். அதுவும் உயர்சாதிப் பெண்கள் போடுகிற விதத்தில் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. இதையெல்லாம் வகுப்பில் நான் பாடமாக நடத்தியிருக்கிறேன், தொண்டை அடைக்க நடத்தியிருக்கிறேன். சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-ல் டாக்டர் எம். இ. நாயுடு முன்நின்று நடத்திய சத்தியாகிரகத்தைப் பற்றிச் சொல்வேன். பிள்ளைகளைச் சுசீந்திரத்துக்குக் கூட்டிப்போய் அந்தத் தெருக்களில் நடக்க வைத்தும் காட்டியிருக்கிறேன்.

என் பாட்டி என்னைச் சின்ன வயதில் சாமித்தோப்பில் உள்ள அய்யா வைகுண்டர் பதிக்குக் கூட்டிப்போவாள். மாசி இருபதாம் தேதி தலைப்பாகை கட்டிக்கொண்டு போவோம். தலையில் துணி கட்டத் தடை இருந்த ஜனத்தைத் தலைப்பாகையோடு சாமி முன்னால் நிற்க வைத்தவர் வைகுண்டர். எல்லாச் சாதியும் ஒரே தண்ணீரைக் குடிக்கவும் குளிக்கவும் முத்திரிக் கிணறு வெட்ட வைத்தவரும் அவர்தான். அந்தக் கிணற்றில் நானும் தண்ணீர் கோரி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். யார் தொட்ட வாளி என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. அங்கிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே இருந்திருக்கலாம், நான் இருக்கவில்லை.

கடற்கரைப் பெண் மட்டும் அல்ல. இன்னொருவருக்கு நான் செய்தது இதைவிடக் கேவலம். அவர் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர், தலித் சமுதாயத்தைச் சேர்ந்தவர். ஸ்டாஃப் ரூமில் என் டிபன் பாக்ஸிலிருந்து அவரும் அவருடையதிலிருந்து நானும் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறோம். என் மகள் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி முழுக்கப் பந்தியைப் பார்த்துக்கொண்டவர். அவருடைய மகனுக்கு நாகர்கோவிலில் வங்கி வேலை கிடைத்தது. கைக்குழந்தையோடு மனைவியைக் கூட்டிவர வேண்டும். "ஒங்க மாடி ஒழிஞ்சு கெடக்குன்னு கேட்டேன் சார்" என்றார். அவரிடம் அட்வான்ஸ் கதையைச் சொல்லத் துணிச்சல் வரவில்லை, சிநேகிதர் அல்லவா! "பெயின்ட் அடிக்கணும், பைப் மாத்தணும், ரெண்டு மாசம் ஆவும் சார்" என்றேன். இரண்டு மாதத்துக்குள் வேறு எங்காவது பார்த்துக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. பெயின்ட் ஒரு சொட்டுகூட அடிக்கவில்லை. கொஞ்ச நாளில் காற்றாலையில் வேலை பார்க்கும் எங்கள் ஆளு ஒருவர் குடிவந்தார். அதற்குப் பிறகு அந்த நண்பர் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பார்த்தால் முன்பு மாதிரியே வணக்கம் சொல்வார், பேத்தியை விசாரிப்பார். அவர் மறந்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு வாசிக்க நேரம் கிடைத்தது. அம்பேத்கர் தன் அனுபவங்களை எழுதிவைத்த ஒரு சிறு நூலில் பரோடா நிகழ்ச்சி வருகிறது. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் பரோடா சமஸ்தான வேலைக்கு வருகிறார். தங்க இடம் இல்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்குகிறார். கண்டுபிடித்துவிட்டு, கம்புகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியே போகச் சொல்கிறது. இந்தக் கதை பலருக்கும் தெரியும். வாசிக்கும்போது கம்பு பிடித்தவர்கள் மேல் கோபம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் அதே அத்தியாயத்தில் இரண்டு நண்பர்கள் வருகிறார்கள். விடுதியை விட்டுப் போக வேண்டிய நாளில் அவர் போய்க் கேட்ட நண்பர்கள். ஒருவர் இந்து. நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். இன்னொருவர் கிறிஸ்தவர். மனைவியைக் கேட்க வேண்டும் என்கிறார். இருவரும் கெட்டவர்கள் அல்ல, படித்தவர்கள், அவரோடு நட்பாகப் பேசியவர்கள். வேலைக்காரன் மேலும் மனைவி மேலும் பாரத்தைப் போட்டுவிட்டுத் தாங்கள் நல்லவர்களாக நின்றுகொண்டார்கள். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். என் பள்ளிக்கூட நண்பர் என்னிடம் "மாடி ஒழிஞ்சு கெடக்குன்னு கேட்டேன் சார்" என்று சொன்ன முகம்தான் கண்முன் வந்தது.

அவர் வீட்டுக்குப் போனேன். சுற்றிவளைக்காமல் சொன்னேன்: பெயின்ட் வேலை இல்லை, நான் பொய் சொன்னேன், சாதி பார்த்துத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காரணம் தெரியும் சார். ஆனா ஒண்ணு. இல்லைன்னு நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா அவன் வேற எடம் பாத்திருப்பான். ரெண்டு மாசம்னு சொன்னீங்க. நீங்க சொன்னதால காத்திருந்தான். பிள்ளையப் பாக்காம லாட்ஜ்ல கெடந்தான்" என்றார்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. மறுத்ததன் காரணம் அவருக்கு அன்றே தெரிந்திருந்தது. தெரிந்தும், இத்தனை வருஷப் பழக்கத்துக்காக என் வார்த்தையை நம்பிப் பார்த்திருக்கிறார்கள். மரியாதைக்காகச் சொன்ன பொய் என்று நான் நினைத்தது ஒரு தகப்பனைக் கைக்குழந்தையிடமிருந்து பிரித்து வைத்திருந்தது. பிற்பாடு நகரத்தில் அந்த மகனுக்கு வீடு கிடைத்ததுகூட, சொந்த ஊரையும் சபையையும் மாற்றிச் சொல்லித்தானாம். பெயரை மாற்றத் தேவைப்படவில்லை. அவர் சொன்னதும் பரோடா விடுதிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நூறு வருஷத்துக்குப் பிறகு, தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம் என்று 2011 கணக்கெடுப்பில் பெயரெடுத்த மாவட்டத்தில், ஒரு வங்கி ஊழியர் தன் ஊர்ப்பெயரை மறைத்துக் குடியேற வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வாத்தியாரின் வீடு காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். தீண்டாமையின் பேரால் ஒருவர் ஒரு இடத்தில் குடியிருப்பதைத் தடுப்பது 1955-ன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதாவது நான் அந்த நண்பரின் மகனுக்குச் செய்தது வெறும் மனசின் குறை அல்ல. காரணத்தை வாயால் சொல்லாமல் பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதால் என்னை யாரும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த நம் மாநிலத்தின் வாடகைச் சட்டம், எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. வாடகை 5,500 ரூபாய்க்கு நான் வாங்கிக்கொண்டிருந்த அட்வான்ஸ் 30,000. ஒப்பந்தமும் வாய்ப்பேச்சுதான். அதிலும் நான் சுத்தம் இல்லை. ஆனால் ஒப்பந்தம் என்பது ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு வருவது. என் படிப்புரையில் நடந்தது அதற்கு முன்பு.

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் மதம் பார்க்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதிலும் ஒரு விலக்கு வைத்தார்கள். நான்கு குடும்பங்களுக்கு மேல் இல்லாத சிறு கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால், பெரும்பாலான விதிகள் அவருக்குப் பொருந்தாது. மர்ஃபி என்ற பெயரில் ஒரு விதவையைக் கற்பனை செய்து, தன் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் அந்த அம்மாளின் மனம் கோண வேண்டாம் என்று அந்த விலக்குக்கு வாதாடினார்கள். வாசித்தபோது முதலில் எனக்கு ஆறுதலாக இருந்தது. நானும் அந்த அம்மாள்தானே, நான் இருக்கிற வீடு, என் தலைக்கு மேல் யார் நடப்பது என்று நான் தீர்மானிக்கக் கூடாதா என்று. ஆறுதல் நிலைக்கவில்லை. கிராமத்தில் வாடகைக்கு வருகிற வீடுகளில் முக்கால்வாசி இப்படித்தான், உரிமையாளர் கீழே, குடியிருப்பவர் மேலே. எங்கள் எல்லோருக்கும் அந்த உரிமை உண்டென்றால் அந்த நர்சுக்கு மாவட்டம் முழுக்க வீடு இல்லை. ஒவ்வொருவரும் ஒரு வீட்டைத்தான் மறுக்கிறோம். அவளுக்கு எல்லாம் சேர்ந்து ஒரு ஊரே இல்லாமல் போகிறது.

எனக்கு எதில் பயம் என்று உட்கார்ந்து யோசித்தேன். சத்தம், குடி, ஆட்கள் வந்து போவது என்று சொல்லிக்கொள்வேன். காற்றாலைக்காரர் குடித்துவிட்டுப் படிக்கட்டில் விழுந்து கிடந்ததை நான்தான் தூக்கிவிட்டிருக்கிறேன். "சின்னப் பையன், கல்யாணம் ஆனா திருந்திருவான்" என்று ஊருக்குச் சமாதானமும் சொன்னேன். நம்ம ஆளு குடித்தால் அது பலவீனம், மற்றவர் குடிக்கக்கூடும் என்ற சந்தேகமே அவரைத் தள்ளக் காரணம். சொந்தக்காரர்கள் கல்யாண ஆலோசனைக்கு வரும்போது மாடியில் யார் என்று கேட்பார்களே என்பது இன்னொரு பயம். ஊர்க் கமிட்டி ஏதாவது சொல்லும் என்பது மற்றொன்று. உண்மை என்னவென்றால், ஊர்க் கமிட்டி என்னிடம் ஒருநாளும் இதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் போய்க் கேட்டதில்லை. கேட்டால் ஒருவேளை "உம்ம வீடு, உம்ம இஷ்டம்" என்று சொல்லிவிடுவார்களோ, பிறகு ஒளிந்துகொள்ள இடம் இருக்காதே என்பதால்தான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஊரை நான் கவசமாகப் பிடித்திருந்தேன்.

பங்குனியில் மாடி காலியானது. புதிதாக அட்டை எழுதியிருக்கிறேன். வாடகை 5,500, அட்வான்ஸ் 16,500, எழுத்து ஒப்பந்தம், பதிவு உண்டு, முதலில் வருகிறவருக்கு. என் தம்பி பார்த்துவிட்டு, "அண்ணே, நாளைக்கு விக்கணும்னா வெல போவாது, பாத்துக்கிடுங்க" என்றான். விற்கிற எண்ணம் இல்லை என்றேன். அவன் முகம் சரியாக இல்லை. அவனோடு இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

அந்த நர்சைத் தேடிப் போகவில்லை. போக வேண்டும் என்று மனைவி சொல்கிறாள். எந்த ஆஸ்பத்திரி என்று தெரியும். ஆனால் வார்டில் எல்லார் முன்னாலும் ஒரு கிழவன் போய் நின்று, ஊர்ப்பெயரைக் கேட்டுத்தான் மறுத்தேன் என்று சொன்னால், என் நெஞ்சு லேசாகும், அவளுக்கு அந்த மத்தியானம் மறுபடி ஒரு தடவை நடக்கும். நண்பரிடம் போனபோது எனக்கு உரிமை இருந்தது, பழக்கம் இருந்தது. அவளிடம் எனக்கு ஒன்றும் இல்லை. இது தயக்கமா கோழைத்தனமா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. அவள் இதை வாசிக்க நேர்ந்தால், அன்று யாரும் அட்வான்ஸ் தந்திருக்கவில்லை என்பதை என் கையெழுத்திலேயே தெரிந்துகொள்ளட்டும்.

வீட்டைக் காட்டும் பொறுப்பை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். தாக்கோலும் அவளிடம்தான். நான் படிப்புரையில் நின்றால் "சொந்த ஊரு எது?" என்று நாக்கு கேட்டுவிடும். ஒரு கட்டுரை எழுதியதால் அது போய்விடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு நீங்க ஊர்க்கதை பேசிக்கிடுங்க, அதுவரைக்கும் புறவாசல் பக்கம் இருங்க என்று சொல்லியிருக்கிறாள். சரி என்றிருக்கிறேன்.